உள்தாழ்ப்பாள்

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில்
மாடுகளை எண்ணுவது என் வேலை.
நான் எண்ணுவதில்லை. சுரேந்திரன் சார் எண்ணிச் சொல்வார்,
நான் கணினியில் ஏற்றுவேன்.
எருமை பதினாறு. கிடாரி நாலு.
காதுவில்லை உண்டு, இல்லை.
முட்டை லாரி வந்தால் யாரும் எண்ணுவதில்லை,
நம்பிவிடுகிறோம்.

கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு கக்கூஸ்.
ஓடு, குழாய், பச்சை வாளி, தகரக் கதவு.
இவ்வளவும் இருந்ததால்
இல்லாத ஒன்றைக் கேட்க வாய் வரவில்லை.
கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் இருந்தது,
நாய் நுழையாமலிருக்க.
உள்ளே இல்லை.

எட்டு மாதம்
துப்பட்டாவின் ஒரு முனை கதவின் கைப்பிடியில்,
மறுமுனை என் முஷ்டியில்.
விடாமல் இருமுவேன்.
செருப்புச் சத்தம் நெருங்கினால் இன்னும் பலமாக.
என் இருமலுக்குச் சார் ஒருநாள்
ஆடாதோடை இலை பறித்து வந்து தந்தார்.
நல்ல மனுஷன்.
இரவுப் பணி நாட்களில்
மத்தியானத்துக்குப் பிறகு நான் தண்ணீர் குடிப்பதில்லை.
அதை அவர் கவனிக்கவில்லை,
கவனிக்க என்ன இருக்கிறது அதில்.

காசிம் ராவுத்தர் கடையில் கேட்டேன்.
"உள்ளுக்கா, வெளியவா?"
உள்ளுக்கு.
"ரெண்டும் ஒண்ணுதான்" என்று
அறுபத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.
பிறகு எதற்குக் கேட்டார்?

தீவன லாரி கிளீனர் பையனிடம்
திருப்புளி கடன் வாங்கி நானே முடுக்கினேன்.
நாலு ஓட்டை. பொட்டலத்தில் மூன்று திருகாணி.
தள்ளினேன், டக்கென்றது.
அன்று இருமவில்லை.
அன்றுதான் தெரிந்தது, தலைக்கு மேல் ஒரு சன்னல் இருப்பது.
விளக்குக் கம்பத்தின் மஞ்சளில்
ஒரு தென்னங்கீற்றின் நுனி,
அதில் தூங்கும் ஏதோ ஒரு பறவையின் பின்பக்கம்.

விடிகாலை நாலரைக்கு
ஆனைமலைப் பக்கமிருந்து சித்தூர் வயல்களுக்கு
நடவுக்குப் போகும் டெம்போ
எங்களிடம் நிற்க வேண்டியதில்லை.
அதில் வருவது மாடில்லை.
ஆனாலும் ஒருநாள் நின்றது.
யார் சொன்னார்களோ.

பதினோரு பெண்கள், சேலைக்கு மேல் ஆண்சட்டை.
ஒவ்வொருத்தியாகப் போய் வந்தார்கள்.
மாராத்தாள் உள்ளே போனவள் போனவள்தான்.
டிரைவர் ஹாரன் அடித்தான்.
"வவுத்துக்கு என்னக்கா?" என்று ஒருத்தி கதவைத் தட்டினாள்.
பதிலில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை.
எனக்குக் கை நடுங்கியது,
தாழ்ப்பாளை வாங்கிப் போட்டவள் நான்தானே.

டக்.
முகம் காய்ந்திருந்தது, கால் நனையவில்லை.
"ஒண்ணுமில்ல கண்ணு.
சித்த நேரம் சும்மா உக்காந்திருந்தனுங்க.
ஒருத்தரும் கூப்புடுல."
"கூப்ட்டமேக்கா, தொண்டை கிழிய!"
"அது வெளியதான?"

வீட்டுக்குப் போய் எண்ணினேன்,
எண்ணுவது என் வேலையில்லை என்றாலும்.
ஏழு தாழ்ப்பாள்.
பூசையறைக்குக்கூட ஒன்று,
யாருக்காகவோ.
படுக்கையறையில் ஒன்று பெயிண்டோடு ஒட்டி இறுகிப்போயிருந்தது.
சுரண்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கேட்டார்,
"என்னத்தத் தேடற?"
எதையும் தேடவில்லை.
பிறந்ததிலிருந்து கதவுகளைச் சாத்தியிருக்கிறேன்,
பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

டெம்போ இப்போது தினமும் நிற்கிறது.
தலைக்கு இரண்டு நிமிடம் என்பது டிரைவர் கணக்கு.
அவர்களுக்குள் வேறொரு கணக்கு இருக்கிறது போல.
பத்துப் பேர் ஓட்டமாய்ப் போய் ஓட்டமாய் வருகிறார்கள்,
ஒருத்தி மட்டும் நெடுநேரம் இருக்கிறாள்.
நாளுக்கொருத்தி.
இன்று யார் முறை என்று நான் கேட்பதில்லை.

தாழ்ப்பாள் லேசாக ஆடத் தொடங்கிவிட்டது.
நாலாவது திருகாணி வாங்க வேண்டும்.